மஞ்சள் குடை பிடித்த ஹாரம்

நவம்பர் 18, திங்கள்

நேற்றோடு பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. செல்வி காலை பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் இதற்குமேல் லீவு தர மாட்டார்களாம். வீட்டில் நான் ஒருத்திதான்.

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. அட்டையில் தங்க எழுத்து கோணலாக விழுந்துவிட்டதால் கடைக்கு ஆகாது. போன டைரி சீசனில் கனி கேட்டாள் என்று கொண்டுவந்து கொடுத்தேன். சமையல்கட்டில் மிக்ஸிக்குப் பின்னால் கிடந்தது. முன்பக்கங்களில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சிவகாசியில் முப்பத்தெட்டு வருடமாக டைரிக்குத் தாள் அடுக்கி, தைத்து, பக்க அடையாளத்துக்கு நாடா ஒட்டுகிறவள் நான். ஒரு டைரியிலும் எழுதியதில்லை.

படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் வகுப்பில் கரும்பலகையில் தேதி எழுத வாத்தியார் சீனியம்மாளைத்தான் கூப்பிடுவார். கனி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதுகூட, எது சின்ன ல எது பெரிய ள என்று என்னிடம்தான் கேட்பாள். எழுத்து அறியாதவள் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

கனிஷ்கா என் மகள் செல்வியின் ஒரே பெண். என்னிடம்தான் வளர்ந்தாள். பி.காம். முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவளுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள், புதன்கிழமை, காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை விடியுமுன் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். டெங்கு என்றார்கள். ஊரில் எத்தனையோ பேருக்கு வந்தது. நாம் என்ன செய்ய முடியும்.

அவளுடைய பாய், தலையணை, துணிமணி எல்லாம் முறைப்படி கழித்தாயிற்று. கொரியா நாட்டுப் பையன்களின் பாட்டுப் பெட்டிகளையும் பழைய பேப்பர் தவசியிடம் தூக்கிப் போட்டுவிட்டேன். "அதையாச்சும் வச்சுக்கிடலாம்மா" என்று செல்வி கேட்டாள். போனவர்கள் பொருள் வீட்டில் கிடந்தால் அவர்களுக்கும் நிம்மதி இல்லை, நமக்கும் நிம்மதி இல்லை என்று சொன்னேன். அதுதான் முறை.

நவம்பர் 19, செவ்வாய்

பிரஸ்ஸுக்குப் போனேன். நானூறு டைரிக்கு நாடா ஒட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே எல்லோரும் சத்தமாக வேறு பேச்சுப் பேசினார்கள்.

நவம்பர் 20, புதன்

சாயங்காலம் அஃப்ரின் வந்தாள். கனியோடு ஆறாம் வகுப்பிலிருந்து படிப்பவள். துக்கத்துக்கு வந்தபோது பேசவே முடியாமல் வாசலோடு திரும்பிப் போனவள். இன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை.

"அம்மாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. கனிகிட்ட ஒரு கார்டு இருந்துச்சு. ஹாரம் கார்டு. மஞ்சக் குடை பிடிச்சிட்டு நிப்பான்ல, அது."

"யாரு ஹாரம்?"

"லூமி ஃபைவ்ல கடைசிப் பையன் அம்மாச்சி. அது என்னோட கார்டு. பரீட்சை முடியுற வரைக்கும் வச்சுக்கன்னு நான்தான் அவகிட்டக் குடுத்தேன்."

அந்தப் பையன்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஐந்து பேர். பொம்பளைப் பிள்ளை மாதிரி உதட்டுக்குச் சாயம் பூசியிருப்பார்கள். அவர்கள் பாட்டுத் தட்டு அட்டைப் பெட்டியில் வரும். உள்ளே ஒரு தட்டு, ஒரு படப் புத்தகம், சீட்டுக்கட்டு அளவில் ஒரே ஒரு கார்டு. யார் படம் வரும் என்று பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும். பிடித்த பையன் வராவிட்டால் அவன் படம் வந்தவளோடு மாற்றிக்கொள்வார்கள். தட்டைப் போட்டுக் கேட்க எங்கள் வீட்டில் மிஷின் கிடையாது. பாட்டை போனில் கேட்பார்கள், பெட்டியைக் கார்டுக்காக வாங்குவார்கள். "இதென்னடி, தேங்காய எறிஞ்சிட்டுச் செரட்டைய வச்சுக்கிடுற கத?" என்று நான் கேட்டால் கனி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மஞ்சள் குடைக் கார்டு பெட்டியில் வருவது இல்லையாம். ஜப்பானில் நடந்த ஒரு கச்சேரிக்குப் போனவர்களுக்கு மட்டும் கொடுத்ததாம். அஃப்ரினின் மாமா ரியாத்திலிருந்து யாரையோ பிடித்து வாங்கி அனுப்பியிருக்கிறார். இந்த ஜில்லாவில் வேறு யாரிடமும் இருக்காதாம்.

"பெட்டியெல்லாம் உள்ள இருக்கு. தேடி எடுத்து வைக்கிறேன். அடுத்த புதன்கிழம வா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தவசியிடம் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் போனவள் என்று என் பேத்தியை ஒரு பிள்ளை நினைக்கக் கூடாது.

வாசல்வரைக்கும் போய்த் திரும்பிக் கேட்டாள்: "அவ ரூம ஒரு தடவ பாக்கட்டுமா?"

"தூசியாக் கெடக்கு. அடுத்த வாரம் பாரு."

அங்கே தூசிகூட இல்லை. நானே கழுவிவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தவசி கடைக்குப் போனேன்.

"யக்கா, அதெல்லாம் திங்கக்கிழமையே லாரி ஏறிப் போச்சே!"

"எல்லாமுமா?"

"பளபளன்னு லேமினேஷன் போட்ட தாளு கூழுக்கு ஆகாதுன்னு மில்லுக்காரன் கழிச்சிருவான். அதனால அட்டைய மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தக் குப்பையோட ஏத்திட்டேன். நீங்கதான சொன்னீக, இந்தச் சனியன என் கண்ணுல படாமக் கொண்டு போயிருன்னு?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"சொன்னீகக்கா. செல்வி அழுதுக்கிட்டு நின்னுச்சு. நான் ஒரு நிமிஷம் தயங்குனேன். நீங்க ஒரு பெட்டிய எத்தி விட்டீக."

இவனுக்கு என்ன ஞாபகமோ. காரியம் நடந்த வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்.

கடைக்குப் பின்னால்தான் அவன் வீடு. கொய்யா மரத்தில் கிளி அண்டாமல் இருக்கப் பாட்டுத் தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஆறோ ஏழோ இருந்தன. காற்றடிக்கும்போது திரும்பித் திரும்பி மின்னின. கனி அவற்றைத் துடைக்கக் கண்ணாடி துடைக்கிற துணியைத் தவிர வேறு எதையும் தொட விடமாட்டாள்.

"கிளி வராம இருக்கா?" என்று கேட்டேன்.

"மொத நா பயந்துச்சு. இப்ப அதுலயே உக்காந்து ஊஞ்சலாடுதுக."

தவசி பெண்டாட்டி கண்ணாடிச் சட்டத்தில் மூன்று கார்டு சொருகி வைத்திருந்தாள். "பயலுக மொகம் வெள்ளையா இருந்துச்சேன்னு வச்சேன், எடுத்துக்கிடுங்கக்கா" என்று உருவிக் கொடுத்தாள். மூன்றிலும் குடை இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்றையும் சீலைத் தலைப்பால் துடைத்தேன். ஒன்றின் பின்பக்கத்தில் குங்குமம் பட்டிருந்தது. அது கண்ணாடியில் இருந்த குங்குமம்.

நவம்பர் 22, வெள்ளி

பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிற அய்யனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பான்.

"இதுக்கா பெரியம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீக? சிவகாசியில இருந்துக்கிட்டு ஒரு அட்டைக்கு அலையுறதா? சாமி படம் அடிக்கிற ஊரு, இந்தச் சப்பமூக்கன அடிக்க மாட்டமா?"

போனில் தேடி அந்தப் படத்தை எடுத்துவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் டிஜிட்டல் மிஷினில் அடித்து, மேட் லேமினேஷன் போட்டு, மூலையை வளைவாக வெட்டி, என் கையில் கொடுத்தான். அப்போதுதான் ஹாரத்தின் முகத்தை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். மழை பெய்கிறது. மஞ்சள் குடை. குடையைத் தன் தலைக்கு மேல் பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்திருக்கிறான், பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி.

நல்ல வேலை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் தாளைத் தடவிய விரல். தவசி வீட்டுக் கார்டை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துக் கண்ணை மூடினால் எது எது என்று தெரிகிறது. நம் அட்டையில் ஒரு தளர்ச்சி இருக்கிறது. மூலை வளைவும் ஒரு நூல் கூடுதல்.

"அந்தப் புள்ளைக்கு என்ன தெரியப் போகுது?" என்றான் அய்யனார்.

"எனக்குத் தெரியுமேடா."

கட்டிங் கழிவோடு அதையும் போட்டேன். என் பேத்தி பேரில் கள்ளச்சரக்கு போகாது.

நவம்பர் 23, சனி

பக்கம் புரட்டும்போது பார்த்தேன். நாளைத் தேதிப் பக்கத்தில் கனி எழுதியிருக்கிறாள். பச்சை ஸ்கெட்ச் பேனா. "ஹாரம் பர்த்டே!!! மதுரை கஃபே!! நான் + அஃப்ரின்". பக்கத்தில் ஒரு குடை வரைந்து மஞ்சள் தீட்டியிருக்கிறாள்.

எழுதவே இல்லை என்று நினைத்தேன். வரப்போகிற நாளில் எழுதி வைத்திருக்கிறாள்.

அஃப்ரினுக்குப் போன் போட்டு அது எந்த இடம் என்று மட்டும் கேட்டேன். அந்தப் பாட்டுக்காரர்களுக்குப் பிறந்தநாள் வந்தால் பிள்ளைகள் ஒரு காப்பிக் கடையில் கூடிக் கேக் வெட்டிக் கார்டு மாற்றிக்கொள்வார்களாம். கே.கே. நகரில். "நான் போகல அம்மாச்சி" என்றாள். நான் போகப்போகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

(கனியின் எழுத்துக்குக் கீழே எழுதுகிறேன். அதன்மேல் படாமல்.)

காலை எட்டு மணி பஸ். துக்கம் நடந்து முப்பது நாள் ஆகாமல் வெளியூர் போகக் கூடாது. பக்கத்து வீட்டில் ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனேன். நல்ல சீலை கட்டினேன். மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோவில் போனேன்.

கண்ணாடிக் கதவு. உள்ளே முப்பது நாற்பது பெண்பிள்ளைகள். சுவரெல்லாம் ஹாரம். காப்பி டம்ளரைச் சுற்றியும் ஹாரம் படம் போட்ட காகிதம். எல்லோரும் என்னை வேலைக்கு வந்தவள் என்று நினைத்தார்களோ என்னமோ, வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தி வந்து கேட்டாள்.

"பாட்டி, யாரத் தேடுறீங்க?"

"ஹாரத்த."

எல்லாம் கையைத் தட்டிக் கத்தின. "பாட்டி நம்ம ஆளுடி!" என்று என்னைச் சோபாவில் உட்கார வைத்துத் தலையில் ஒரு காகிதக் கிரீடத்தையும் வைத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

மேசையில் கார்டுகளைப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

"இது எங்க ஊருச் சரக்கு" என்று ஒன்றைத் தள்ளி வைத்தேன். "இதுவும். இதுல மூலை வெட்டுற டை மழுங்கிப் போச்சு, பாரு, பிசிறு."

"ஐயோ, ஒரிஜினல்னு சொல்லில்ல தந்தான்! பாட்டி, என்னோடதப் பாருங்க! என்னோடத!"

வரிசை கட்டிவிட்டார்கள். அரைமணி நேரம் நான் அங்கே ஜோசியக்காரி மாதிரி இருந்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்கு நன்றாக இருந்தது. கனி பார்த்தால் என்ன சொல்வாள் என்றுகூட நினைத்தேன்.

மஞ்சள் குடைக் கார்டு மிருதுளா என்ற பிள்ளையிடம் இருந்தது. கனமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள். தொட்டவுடனே தெரிந்தது, அசல்.

"இது மட்டும் கேக்காதீங்க பாட்டி. ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்குனது. யாருக்கு?"

"பேத்திக்கு."

"அவ வரலையா?"

"வர முடியல."

"ஏன்?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"காய்ச்சல்."

"அச்சச்சோ" என்று பத்துப் பேர் ஒன்றாகச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை கேட்டாள், நர்ஸிங் படிக்கிறவளாம்: "டெங்கு சீசன் பாட்டி. ரத்தம் டெஸ்ட் எடுத்தீங்களா? எத்தன நாளா இருக்கு?"

"திங்கக்கிழமையிலேருந்து."

"காய்ச்சல் விட்டுட்டாலும் அசால்ட்டா இருக்காதீங்க. விட்ட பெறகுதான் கவனமாப் பாக்கணும்."

"சரிம்மா" என்றேன்.

மிருதுளா கழுத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டாள். "கொண்டு போய்க் குடுங்க பாட்டி. பாத்தாலே காய்ச்சல் ஓடிரும்." சும்மா வாங்க மாட்டேன் என்றேன். தவசி வீட்டிலிருந்து எடுத்த மூன்று கார்டில் இரண்டை அவள் பிரியப்பட்டு எடுத்துக்கொண்டாள். குங்குமம் பட்டது மட்டும் மிஞ்சியது.

கிளம்பும்போது பேத்தி பேரைக் கேட்டுக்கொண்டு, டம்ளர் காகிதம் ஒன்றை விரித்து எல்லோரும் சுற்றி நின்று எழுதினார்கள். இங்கிலீஷில் நிறைய இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாது. தமிழில் இருப்பது: "சீக்கிரம் எழுந்து வா கனி, அடுத்த வருஷம் சேர்ந்து கேக் வெட்டலாம்." "பாட்டி செம்ம, பத்திரமா பாத்துக்கோ." ஒரு குட்டிக் குடை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கல்லுப்பட்டி தாண்டியதும்தான் தலையில் இன்னும் கிரீடம் இருக்கிறதென்று கண்டக்டர் சொன்னார்.

காய்ச்சல் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். முன்னேபின்னே தெரியாத பிள்ளைகள். ஒருத்தியாவது "நெசமாவா?" என்று கேட்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்டில் நடந்ததை எழுதிவிடுகிறேன். ஒருநாள் காலையில் கனி காய்ச்சல் என்று போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்தாள். தொட்டுப் பார்த்தால் கொதித்தது. நான் பதறிப்போய், சீசன் வேலையை விட்டுவிட்டு, கஞ்சி காய்ச்சி, நெற்றியில் பற்றுப் போட்டு, காளியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன். மத்தியானம் போர்வைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம். விலக்கிப் பார்த்தால் போனில் கொரியாப் பையன்கள் மேடையில் நேரடியாக ஆடுகிறார்கள். இவள் அக்குளில் பாதி வெங்காயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற வேலை. வெங்காயத்தை வைத்தால் உடம்பு சுடும் என்று.

"அம்மாச்சி, ஒரே ஒரு கச்சேரி அம்மாச்சி, வருஷத்துக்கு ஒண்ணு" என்று காலைப் பிடித்துச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. என்னை யாரும் ஏமாற்றியது கிடையாது. எடை போடுகிறவன் ஏமாற்றியது இல்லை, காண்ட்ராக்டர் ஏமாற்றியது இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை அரை வெங்காயத்தில் ஏமாற்றிவிட்டாள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரஸ்ஸில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு யாராவது லீவு கேட்டால், "வெங்காயமா?" என்பது பிரஸ்ஸில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அதைத் தொடங்கி வைத்தது நான்தான்.

நவம்பர் 26, செவ்வாய்

இரும்புப் பெட்டியில் கார்டு இருக்கிறது. நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 27, புதன்

அஃப்ரின் வந்தாள். கார்டைக் கொடுத்தேன். நிமிர்ந்துதான் கொடுத்தேன்.

உறையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கீழ் மூலையிலேயே நின்றது.

"அம்மாச்சி, இது எங்கிட்ட இருந்தது இல்ல."

"அசல்தாண்டி. நான் தொட்டுப் பாத்தேன்."

"அசல்தான். ஆனா என்னோடதுல இந்த மூலையில ஒரு மடிப்பு இருக்கும். எட்டாவதுல ரெண்டு பேரும் பிடுங்கிச் சண்ட போட்டப்ப கனி பல்லால கடிச்சு இழுத்தா. பல்லு பட்ட தடம்." கார்டை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் கார்டு கேட்டு வரல அம்மாச்சி. அந்தத் தடத்தக் கேட்டுத்தான் வந்தேன்."

அதற்குமேல் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. அறையைத் திறந்து காட்டினேன். வெறும் தரை. ஜன்னலில் ஒரு கொண்டை ஊசிகூட இல்லாமல் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தாள். தவசி, லாரி, மதுரை எல்லாம் சொன்னேன். மதுரையில் கனிக்குக் காய்ச்சல் என்று சொன்னதையும் சொன்னேன்.

"என்னைக்கிலேருந்துன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் சீலைத் தலைப்பால் ஜன்னல் கம்பியைத் துடைத்தேன்.

"எனக்குத் தெரியும் அம்மாச்சி. திங்கக்கிழம காலையிலயே மெசேஜ் போட்டா. செல்வி அத்தைகிட்ட நீங்க புதன்கிழமன்னு சொன்னத துக்கத்தன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டேன். நான் யார்கிட்டயும் சொல்லல."

"என்ன போட்டிருந்தா?"

"வேணாம் அம்மாச்சி."

"படி."

போனை எடுத்தாள். படித்தாள்: "நிஜமாவே காய்ச்சல்டி. அம்மாச்சி நம்ப மாட்டேங்குது. திட்டிக் காலேஜுக்குக் கெளப்புது. பாவம், அது மேல தப்பு இல்ல. ஆகஸ்ட்ல நான் பண்ணுனதுக்கு இது வேணும்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எத்தன நாளாக் காய்ச்சல்? சரியாச் சொல்லுங்கம்மா" என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம். கனி கை கால் எல்லாம் சில்லிட்டுக் கிடந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் வைத்திருந்தேன் என்று என் வாயால் சொன்னால் அந்த நர்ஸ் பிள்ளைகள் என்னை என்ன நினைப்பார்கள் என்று அந்த நேரத்திலும் பார்த்தேன். புதன்கிழமை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் புதன்கிழமை என்றேன்.

வியாழக்கிழமை தீபாவளியன்று காய்ச்சல் விட்டிருந்தது. "பாத்தியா, என் கஷாயம்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அதிரசம் வேண்டாம் என்றாள்.

அஃப்ரின் போகும்போது டைரியில் 24ஆம் தேதிப் பக்கத்தைக் காட்டினேன். பச்சை எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள். மிருதுளா கார்டை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இத அந்தப் புள்ளைக்கே அனுப்பிருங்க அம்மாச்சி. பாவம், ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்குனது. நெசத்தயும் எழுதி அனுப்பிருங்க."

குங்குமம் பட்ட கார்டைக் கொடுத்தேன். கனி தொட்ட கார்டில் அது ஒன்றுதான் மீதி. வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 28, வியாழன்

மிருதுளாவுக்குக் கடிதம் எழுதினேன். அன்புள்ள மிருதுளாவுக்கு என்று போட்டு இரண்டு வரி. மூன்று தாள் வீணானது. அந்தக் காப்பிக் கடை முகவரிக்குக் கார்டோடு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். எழுத்துப் பிழை இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

நவம்பர் 30, சனி

நாளை முப்பதாம் நாள். செல்வி இரவு பஸ் ஏறுகிறாள். போனில், "கனிக்குப் பிடிச்சது என்னம்மா வைக்கணும் படையலுக்கு?" என்று கேட்டாள். பரோட்டா என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

"செல்வி" என்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. பாத்து வா. காதுல துணி கட்டிக்க, பனி."

வாயால் என்னால் முடியாது. எழுத்து வரும். இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டி, வெறுமனே விட்டிருக்கிற அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் எழுதி, நாளை படையல் போடுமுன் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். மதுரைப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் அந்தப் பக்கத்தில் வைத்து, நாடாவையும் அங்கேயே போடுகிறேன். அவள் தேட வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி.

அக்டோபர் 28, திங்கள்

இன்று காலை ஏழு மணிக்குக் கனி, "அம்மாச்சி, காய்ச்சல் அடிக்குது" என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். "என்ன, இன்னிக்கு எந்தப் பாட்டு?" என்று கேட்டேன். "நெசமா அம்மாச்சி" என்றாள். கரண்டியோடு போய்ப் போர்வையை விலக்கினேன். கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். இந்த அக்குளிலும் பார்த்தேன், அந்த அக்குளிலும் பார்த்தேன். தலையணைக்கு அடியிலும் தேடினேன். உடம்பு கொதித்தது.

வெங்காயம் இல்லை.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டேன்.